திருத்தம் நாற்பத்தொன்று

1958ஆம் ஆண்டு ஆவணி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், முற்பகல் பத்தரை மணியளவில், இணுவிலைச் சேர்ந்த பத்மாசினி யாழ்ப்பாணப் பட்டினத்தில் தன் மேசையிலிருந்த ஒரு தாளில் ஒரு பூச்சியத்தைச் சேர்த்து எழுதினாள். அதே கணத்தில் குடாநாட்டின் பதினான்கு ஊர்களில் கரகரத்துக்கொண்டிருந்த முப்பத்தொரு வானொலிப் பெட்டிகள் எவரும் தொடாமலே சுகப்பட்டன. அன்று மழை இல்லை. புகையிலை விலை சற்று இறங்கியிருந்தது.

பத்மாசினிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஹார்வின் என்ற வெளிநாட்டு வானொலிப் பெட்டிகளை இறக்குமதி செய்து விற்ற ஏரம்பு முதலாளியின் கந்தோரில் அவளுக்குத் தட்டெழுத்து வேலை. புதிதாக வரும் ஒவ்வொரு வகைப் பெட்டிக்கும் அதன் உள்ளமைப்பைக் காட்டும் படம் ஒன்று கப்பலில் கூடவே வரும். எந்த வால்வின் எந்தக் காலிலிருந்து கம்பி எங்கே போகிறது, எந்த இடத்தில் எவ்வளவு மின்தடை வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பழுது பார்ப்பவர்கள் அதைச் சேர்க்கிட் தாள் என்று சொன்னார்கள். அது கையில் இல்லாமல் பெட்டியின் முதுகைத் திறக்க எவரும் துணிவதில்லை. பத்மாசினியின் வேலை அந்தத் தாள்களைப் பார்த்து மெழுகுத்தாளில் கீறி, ரோனியோ இயந்திரத்தில் பிரதி சுற்றி, குடாநாட்டிலிருந்த பதினொரு பழுதுபார்ப்பவர்களுக்கும் தபாலில் அனுப்புவது. படத்தைக் கீறியவர் கடல் கடந்து எங்கோ இருந்த, அவசரக்காரரான ஒரு மனிதர். படத்தில் ஒன்று இருக்கும், அதே பக்கத்து அட்டவணையில் வேறொன்று இருக்கும். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்தை விரும்பிப் படித்த பத்மாசினி, கீறிக்கொண்டு போகும்போதே இவை ஒன்றோடொன்று ஒத்துவராததைக் கண்டுபிடித்துவிடுவாள். அன்று அவள் கண்டது 4,700 என்று அச்சாகியிருந்த ஒரு தடை. அது 47,000 ஆகத்தான் இருக்க முடியும். பூச்சியத்தைச் சேர்த்தாள், அடியில் ‘திருத்தம் ஒன்று’ என்று எழுதி, ந.ப. என்று ஒப்பமிட்டாள். பதினொருவரும் அவளை ஓர் ஆண் என்றே நினைத்து ‘அன்புள்ள ஐயா’ என்று பதில் எழுதினார்கள்.

அடுத்த திங்கட்கிழமை சாவகச்சேரியிலிருந்து தம்பிஐயா என்பவர் கோபத்தோடு வந்து இறங்கினார். சந்தைக்கு எதிரே கடை வைத்திருந்த அவர், பதினொருவரில் கை தேர்ந்தவர் என்று பெயரெடுத்தவர். கைக்குட்டையில் முடிந்துவந்த ஒரு சிறிய தடையை அவள் மேசையில் போட்டார்.

“ஐயா எங்கை? ந.ப. ஐயா.”

“நான்தான்.”

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “பிள்ளை, போன மாதம் என்ரை கையாலை ஈயம் பிடிச்சு வைச்சது உது. மஞ்சள், ஊதா, சிவப்பு. உங்கடை தாளிலை இருந்தபடி. வியாழக்கிழமை பெட்டி தானாச் சரிவந்திட்டுது எண்டு கொண்டுவந்தாங்கள். திறந்து பாத்தா மஞ்சள், ஊதா, தோடம்பழ நிறம். ஈயம் என்ரை ஈயம்தான். ஆரும் தொடேல்லை.”

தடையின் பெறுமதியைச் சொல்வது அதன் மேலுள்ள நிற வளையங்கள்; மூன்றாவது வளையம் சிவப்பாக இருந்தால் நாலாயிரத்து எழுநூறு. தோடம்பழ நிறமான செம்மஞ்சள் என்றால் நாற்பத்தேழாயிரம். பத்மாசினி அந்தத் தடையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தாளில் தான் எழுதிய எண்ணையும் பார்த்தாள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

“இப்ப என்ன செய்யிறது?” என்று கேட்டாள்.

“என்னத்தைச் செய்யிறது. மிச்சத் தாளையும் பாருங்கோ,” என்றார் தம்பிஐயா.

அவள் பார்த்தாள். ஏழு வருடங்களில் நாற்பது திருத்தங்கள் போயின. ஒவ்வொன்றும் எழுதப்பட்ட கணத்தில், அந்த வகைப் பெட்டிகள் எங்கிருந்தாலும் தம்மைத் தாமே மாற்றிக்கொண்டன. இணுவிலில் கோயில் திருவிழாவன்று ஒரு பெட்டியின் இரைச்சல் நின்றது. சாவகச்சேரி நீதிமன்றத்துக்கு எதிரேயிருந்த தேநீர்க்கடையில் ஊமையாக இருந்த ஒன்று வழக்காளிகளுக்கு நடுவே திடீரென்று பாடியது. மக்கள் முதலில் வியந்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். பெட்டி கெட்டால் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக முன், “கந்தோரிலை ஒருக்காப் பாத்தினமோ?” என்று விசாரிப்பது வழக்கமாயிற்று. சண்டிலிப்பாயிலிருந்து ஒருவர் தன் காணி உறுதிப் பத்திரத்தைக் கொண்டுவந்து, எல்லையில் இரண்டு பரப்பு நிலத்தைக் கூட்டி எழுதித் தரச்சொன்னார். “உறுதியிலை பிழை இருக்கோ?” என்று பத்மாசினி கேட்டாள். அவர் யோசித்து, உண்மையைச் சொன்னார்: இல்லை. அவரை அனுப்பிவிட்டாள். பிழை இல்லாத இடத்தில் தன் பேனா தொடாது என்பதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

1966ஆம் ஆண்டு பங்குனியில் ஹார்வின் நிறுவனத்தின் பற்றரிப் பெட்டி ஒன்றின் தாள், பெட்டிகள் விற்கத் தொடங்கிய பிறகு பிந்தி வந்தது. மின்சாரம் போகாத கரையோரக் குறிச்சிகளுக்கென்றே செய்தது போன்ற, சிறிய, மலிவான பெட்டி. அதன் எட்டுப் பக்கங்களில் முப்பத்திரண்டு பிழைகள் இருந்தன. பத்மாசினி இரண்டு நாள் குனிந்தபடி இருந்து முப்பத்திரண்டையும் திருத்தினாள். கடைசிப் பக்கத்தில் ஒரு கொண்டென்சரின் பெறுமதி 0.01 என்றிருந்தது. முப்பத்திரண்டு முறை பிழைவிட்ட கை முப்பத்துமூன்றாவது முறையும் விட்டிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. பக்கத்து அட்டவணையைத் திருப்பிப் பார்க்கவில்லை. தசமப் புள்ளிக்குப் பின்னாலிருந்த பூச்சியத்தை வெட்டி 0.1 ஆக்கி, எல்லாவற்றையும் ஒன்றாகத் ‘திருத்தம் நாற்பத்தொன்று’ என்று அனுப்பிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அந்த ஒரு பெறுமதி மட்டும் தாளில் முதலிலேயே சரியாக இருந்தது.

கொண்டென்சர் என்பது மின்சாரத்தைச் சற்றுப் பிடித்து வைத்திருந்து விடும் பொருள். அது பத்து மடங்கு பெரிதானபோது அந்தப் பெட்டிகள் ஒலியையும் பிடித்து வைத்திருக்கத் தொடங்கின. வல்வெட்டித்துறைக்கு மேற்கேயிருந்த ஒரு மீனவக் குறிச்சியில், கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் வாங்கிய இருபத்திரண்டு பெட்டிகள் இருந்தன. அன்று மாலையிலிருந்து அவை இருபத்திரண்டும் எல்லாவற்றையும் நாற்பது நிமிடம் பிந்திச் சொன்னன. நிறுத்தி வைத்திருந்தாலும் அப்படித்தான். திறக்கும்போது நாற்பது நிமிடத்துக்கு முந்தியதே வந்தது. எவரும் கவனிக்கவில்லை. வானொலி மணி சொல்லும்போது மணிக்கூட்டைச் சரிசெய்வதே அந்தக் குறிச்சியின் வழக்கம். ஆகவே எல்லா மணிக்கூடுகளும் ஒன்றாகப் பிந்தின. பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரிடமும் அதே பெட்டி இருந்ததால் பள்ளிக்கூடமும் பிந்தியது. பஸ் மட்டும் தன் நேரத்துக்கு வந்துபோனது. பத்து மாதமாக அந்தக் குறிச்சி, பஸ்காரன் நாற்பது நிமிடம் முந்தி எடுக்கிறான் என்று அவனை ஏசியது. பட்டினத்துக்குப் போய்வந்தவர்கள், அங்கே மணிக்கூடுகள் முந்தி ஓடுகின்றன என்றார்கள்.

ஆனால் கடலுக்குப் போகிறவர்கள் மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை. வெயிலையும் காற்றையும் பார்த்தே வள்ளத்தைத் தள்ளுவார்கள். பற்றரி விலை கூடியதால் மற்ற வீடுகளில் பாட்டுக்கு மட்டுமே பெட்டியைத் திறந்தார்கள். கடலறிக்கையைக் கேட்கும் பொறுப்பு கரைக்கு மிக அருகே குடியிருந்த சின்னத்தங்கத்தினுடையது. பின்னேரம் ஐந்தே முக்காலுக்கு அவள் பெட்டியைத் திறப்பாள். கடல் பொல்லாதது என்று சொன்னால், முற்றத்துக் கம்பத்தில் சிவப்புச் சீலையை ஏற்றுவாள். அந்த வருடம் கார்த்திகையில் ஒருநாள், தன் மணிக்கூட்டில் ஐந்தே முக்கால் ஆனதும் திறந்தாள். வடக்கிலிருந்து பெருங்காற்று வருகிறது, எவரும் கடலுக்குப் போகவேண்டாம் என்று பெட்டி சொன்னது. உண்மையில் அப்போது ஆறு இருபத்தைந்து. மூன்று வள்ளங்கள் போய்விட்டிருந்தன. அவள் சீலையை ஏற்றினாள். இருட்டில் அது தெரியாதென்று கண்டு, தென்னோலைச் சூள் கொளுத்திக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடிநின்று வீசினாள். இரண்டு வள்ளங்கள் கண்டு திரும்பின. மூன்றாவது வள்ளம் அவளுடைய கணவன் பஞ்சலிங்கத்தினுடையது. பத்து நாள் கழித்து, குடாநாட்டின் கிழக்கே நாகர்கோவில் கரையில் அதன் முன்பக்கத்து அணியப் பலகை ஒன்று ஒதுங்கியது. வேறொன்றும் ஒதுங்கவில்லை.

பக்கத்துக் கரையில் ஒரு வள்ளமும் போகவில்லை. வேறு கம்பனிப் பெட்டி வைத்திருந்த அவர்களுக்கு அறிவித்தல் நேரத்தோடு கேட்டிருந்தது. இது தெரியவந்ததும் குறிச்சி ஒரு முடிவுக்கு வந்தது. பஞ்சலிங்கத்தின் தமையன் அருளம்பலம், பலகை ஒதுங்கியபின் நடந்த எட்டுச் செலவுச் சடங்கு வீட்டில் எல்லோருக்கும் கேட்க அதைச் சொன்னார்: “நேரத்துக்குப் பெட்டியைப் போட்டிருந்தா அவன் இப்ப இருப்பான்.” நேரத்துக்குத்தான் போட்டதாகச் சின்னத்தங்கத்துக்கு நிச்சயமாக நினைவிருந்தது. ஆனால் இரண்டு மாதம் எல்லோரும் ஒரேமாதிரிப் பார்த்தபின், அன்று மணிக்கூட்டை வடிவாகப் பார்த்தேனோ என்று அவளுக்கே ஐமிச்சம் வந்துவிட்டது. கிணற்றடியில் பெண்கள் அவள் வந்தால் கதையை நிறுத்தினார்கள்.

தை மாதத்தில், அந்தக் கரைப்பக்கம் பழுது பார்த்துவந்த முருகேசுவிடமிருந்து கந்தோருக்குக் கடிதம் வந்தது. வேறொரு கம்பனிப் பெட்டி திருத்த வந்ததாகவும், அதைப் பற்றரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டபோது இரண்டுக்கும் நாற்பது நிமிடம் வித்தியாசம் இருந்ததாகவும், திருத்தம் நாற்பத்தொன்றின் கடைசி வரியை அன்புள்ள ஐயா மீண்டும் ஒருமுறை பார்த்தால் நல்லது என்றும் எழுதியிருந்தார். முடிவில், கார்த்திகையில் நடந்ததையும், அந்தப் பெண் படும் பாட்டையும், வேறு செய்தி போலச் சேர்த்திருந்தார்.

பத்மாசினி அட்டவணையைத் திருப்பினாள். 0.01. பக்கத்தைத் திரும்பவும் பார்த்தாள். எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்து, மூன்றாம் முறையும் பார்த்தாள். அதுவரை பெட்டிகள் அவளுக்கு எண்களாகவே இருந்தன. எண்களுக்குப் பின்னால் ஒரு கரை இருந்தது, அதில் ஒருத்தி தண்ணீருக்குள் நின்று சூள் வீசியிருக்கிறாள். பேனாவை எடுத்தால் ஒரு கணத்தில் எல்லாம் சரியாகிவிடும். அதுதான் அவளை எடுக்கவிடாமல் தடுத்தது.

நடந்ததையும், குறிச்சிக்கே போய்ச் சொல்லப்போவதையும் ஏரம்பு முதலாளியிடம் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “சத்தம் போடாமல் திருத்திவிடும், பிள்ளை. இப்பவே. ஆருக்கும் தெரியப்போறேல்லை.”

“அதுதான் முதலாளி. திருத்தினா ஆருக்கும் தெரியாது. அந்த மனிசிக்கும் தெரியாது.”

“தெரிஞ்சு என்ன? போன ஆள் வரப்போறாரோ? கந்தோரின்ரை பேர்தான் போகும். போனீரெண்டா இஞ்சை திரும்பி வரத் தேவையில்லை.”

முருகேசுவுக்கு அன்றே பதில் எழுதினாள்: குறிச்சி வள்ளங்களுக்குக் கடலறிக்கையைத் அவரிடமிருந்த வேற்றுக் கம்பனிப் பெட்டியில் கேட்டு ஆளனுப்பிச் சொல்லும்படியும், வெள்ளிக்கிழமை தான் வருவதாகவும். வீட்டில் தகப்பன் நமசிவாயத்துக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் புகையிலைத் தோட்டக்காரர், அதிகம் கதைக்காதவர். வெள்ளிக்கிழமை காலை அவள் வீட்டிலிருந்த வேறு வகைப் பற்றரி வானொலியைச் சாக்கில் சுற்றியபோது வந்து தூக்கிப் பார்த்தார். “பெட்டி பாரம். நானும் வாறன்,” என்றார்.

குறிச்சிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது முற்பகல். முருகேசு ஆட்களைச் சேர்த்து வைத்திருந்தார். சின்னத்தங்கத்தின் முற்றத்தில் இரண்டு பெட்டிகளும் அருகருகே வைக்கப்பட்டன. அவள் வாசலில், மகளை இடுப்பில் வைத்தபடி, இவர்கள் என்ன விற்க வந்தவர்கள் என்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றாள். இணுவில் பெட்டி பகல் செய்தியைத் தொடங்கியது. சின்னத்தங்கத்தின் பெட்டியில் பாட்டுப் போனது. செய்தி வாசித்தவர் நடுவே ஒரு சொல்லில் தடுக்கி, மன்னிக்கவும் என்று சொல்லித் திருத்தி வாசித்தார். “ஆரும் போகாதேங்கோ. நாற்பது நிமிசம் இருங்கோ,” என்றாள் பத்மாசினி. ஆண்கள் வலையின் கிழிசலைப் பொத்தியபடி இருந்தார்கள். நாற்பது நிமிடம் கழித்து சின்னத்தங்கத்தின் பெட்டி பகல் செய்தியைத் தொடங்கியது. அதே குரல். அதே சொல்லில் தடுக்கி, மன்னிக்கவும் என்றது.

பின்னாலிருந்து ஒரு கிழவர், “அப்ப நாங்கள் பஸ்காரனை ஏசினது?” என்று கேட்டார். எவரும் சிரிக்கவில்லை.

பத்மாசினி எழும்பி நின்று சொன்னாள். “தாள் சரியாத்தான் வந்தது. நான்தான் பிழை எண்டு நினைச்சு மாத்தினனான். பங்குனியிலை இருந்து இந்தக் குறிச்சியிலை எல்லாப் பெட்டியும் பிந்தித்தான் சொல்லுது. இவ அண்டைக்கு நேரத்துக்குத்தான் போட்டவ. இவவிலை ஒரு பிழையும் இல்லை. பிழை என்ரை.”

அருளம்பலம் எழும்பினார். பத்மாசினியை அடிக்கப்போகிறார் என்று நமசிவாயம் நினைத்து முன்னால் வந்தார். ஆனால் அருளம்பலம் தம்பி மனைவியின் முன்னால் போய் நின்று, இடுப்பிலிருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டு கரைப்பக்கமாக நடந்து போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள்.

எல்லோரும் போனபின் சின்னத்தங்கம் கேட்டாள். “ஆரும் உங்களைக் கேக்கேல்லைத்தானே. ஏன் வந்தனீங்கள்?”

“என்ரை பிழை உங்கடை பேரிலை கிடந்தது.”

“அவர் போனது உங்களாலை.”

“ஓம்.”

“மன்னிக்கச் சொல்லிக் கேக்க வந்தனீங்களோ?”

“இல்லை.”

சின்னத்தங்கம் தலையசைத்தாள். அந்தப் பதில் அவளுக்குப் பொருந்தியது போலிருந்தது. “எல்லாரின்ரை பெட்டியையும் திருத்துங்கோ. இண்டைக்கே. இன்னும் வள்ளங்கள் போகுது. என்ரையைத் தொடாதேங்கோ.”

“எழுதினா எல்லாப் பெட்டியும் மாறும். ஒண்டை விட ஏலாது.”

“ஏலுமோ ஏலாதோ, எனக்குத் தெரியாது. உது பிழையாவே கிடக்க வேணும். உது பிழையாக் கிடந்தாத்தான் நான் நேரத்துக்குப் போட்டனான் எண்டது நிக்கும். திருத்திப்போட்டா அடுத்த வருசம் இவையளுக்கு மறந்துபோம். பிறகும் நான்தான் பிந்தினவள்.”

பத்மாசினி அந்தப் பெட்டியைத் திருப்பி, முதுகில் பொறித்திருந்த இலக்கத்தைப் பார்த்தாள்: 20718. சின்னத்தங்கத்தின் வீட்டு வாசற்படியில் குந்தியிருந்து, பையிலிருந்த தாளில் ஒரே மூச்சில் எழுதினாள். ‘திருத்தம் நாற்பத்திரண்டு. திருத்தம் நாற்பத்தொன்றின் கடைசி வரி தவறு. மூலத்தில் உள்ளதே சரி. தொடர் இலக்கம் 20718 உள்ள பெட்டிக்கு இது பொருந்தாது. அந்தப் பெட்டியில் பெறுமதி 0.1 ஆகவே இருக்கும். பழுதுபார்ப்பவர்கள் அதை மாற்றக்கூடாது.’ அதுவரை ஒரு பிழையைக் காப்பாற்றி அவள் எழுதியதில்லை. முழுப்பெயரும் எழுதி ஒப்பமிட்டாள். அந்தக் கணத்தில் குறிச்சியின் இருபத்தொரு பெட்டிகள் நாற்பது நிமிடத்தைத் தாண்டிக் குதித்தன. அந்த நாற்பது நிமிடத்தில் என்ன சொல்லப்பட்டது, என்ன பாடப்பட்டது என்று அந்த வீடுகளுக்கு இன்றுவரை தெரியாது. இருபத்திரண்டாவது பெட்டி தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. கடலறிக்கை கேட்கும் பொறுப்பை அன்று மாலையே அருளம்பலம் ஏற்றார். சிவப்புச் சீலையை வாங்கிப்போக வந்தவர், “நீ நேரத்துக்குத்தான் போட்டனி, பிள்ளை,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஏரம்பு முதலாளி சொன்னபடி அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். ஆனால் புதிதாக வந்தவர் எழுதிய திருத்தங்களுக்கு எந்தப் பெட்டியும் அசையவில்லை. இரண்டரை மாதம் கழித்து ஒரு பியோனை இணுவிலுக்கு அனுப்பினார். பத்மாசினி ஒரு நிபந்தனையோடு திரும்பினாள்: எந்தத் திருத்தமும் மூன்று நாள் மேசையில் கிடக்கும், அதைச் சாவகச்சேரித் தம்பிஐயா ஒருமுறை பார்ப்பார், பிறகே எழுதப்படும். தம்பிஐயா பல தாள்களை, ‘உது சரி பிள்ளை, விடும்,’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். பெருமை போய்விட்டது. வேலை முன்னையிலும் திறமாக நடந்தது.

ஒவ்வொரு கார்த்திகையிலும் அவள் அந்தக் கரைக்குப் போனாள். முதல் மூன்று வருடம் சின்னத்தங்கம் அவளோடு கதைக்கவில்லை. பத்மாசினி முற்றத்தில் சிறிது நேரம் நின்று, பெட்டி பிந்துகிறதா என்று தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். நாலாம் வருடம் ஒரு கதிரை போடப்பட்டிருந்தது. ஆறாம் வருடம் தேத்தண்ணி வந்தது. இதற்கிடையே குறிச்சி அந்தப் பெட்டிக்கு ஒரு பயன் கண்டுபிடித்திருந்தது. செய்தியைத் தவறவிட்டவர்கள், பாட்டுக்கு நடுவே பிள்ளை அழுததால் எழும்பிப் போனவர்கள், எல்லோருக்கும் மேலாக மரண அறிவித்தலைப் பாதியில் கேட்டவர்கள், நேரே சின்னத்தங்கத்தின் முற்றத்துக்கு வந்தார்கள். அங்கே அது இன்னும் சொல்லப்படாமலிருக்கும். வற்றாப்பளைக்கு வாழப்போன மகளின் மாமியாருக்கு எங்கே தகனம், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அங்கே வந்து கேட்டுக்கொண்டு போனார்கள். அந்தப் பெட்டி ஏன் பிந்துகிறது என்று கேட்கிற வெளியூர்க்காரருக்கு, குறிச்சியில் எந்தப் பிள்ளையும் காரணத்தைச் சொல்லும். சின்னத்தங்கம் நேரத்துக்குப் போட்டவள் என்பதில் கதை தொடங்கும்.

1980ஆம் ஆண்டு கார்த்திகையில் பத்மாசினி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, சந்தியில் நின்ற முருகேசு அவளைக் கண்டு ஓடிவந்தார். சற்று முன்னர் மரண அறிவித்தலில் சண்டிலிப்பாய்க் குணலட்சுமி என்று ஒரு பெயர் சொன்னதாகவும், இணுவில் நமசிவாயத்தின் பேரும் அடிபட்டதாகவும் சொன்னார். குணலட்சுமி பத்மாசினியின் பெரியம்மா. தாய் இல்லாத வீட்டில் அவளைக் குளிக்க வார்த்து வளர்த்தவர். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பதை முருகேசு கேட்கவில்லை. பத்மாசினி மணலில் செருப்புப் புதையப் புதைய ஓடிவந்து படலையைத் திறந்தாள்.

சின்னத்தங்கம் அவள் முகத்தைப் பார்த்தாள். “ஆர்?”

“பெரியம்மாவாம்.”

“எப்ப சொன்னதாம்?”

“இப்ப ஒரு கால் மணித்தியாலம் இருக்கும்.”

சின்னத்தங்கம் பெட்டியைத் திறந்து, சத்தத்தைக் குறைத்து வைத்தாள். ஒரு பழைய பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. “அப்ப இன்னும் இருபத்தைஞ்சு நிமிசம் கிடக்கு. இஞ்சை அவ இன்னும் இருக்கிறா. இருங்கோ, தேத்தண்ணி போடுறன்.”

பத்மாசினி கதிரையில் உட்கார்ந்தாள். கடற்பக்கம் வெயில் நன்றாக எறித்தது. தேத்தண்ணி சூடாக இருந்தது, அவசரப்படாமல் குடித்தாள்.